அக்கா போட்ட இண்டிகேட்டர்

சிங்கப்பூரில் என் வேலை கார்களைத் தோற்கடிப்பது. வாகனப் பரிசோதனை நிலையத்தில் மூன்றாவது வரிசையில் நிற்பேன். கார் வந்து நிற்கும். பிரேக்கை மிதிக்கச் சொல்வேன். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கொஞ்சம் மங்கலாக எரிந்தாலும் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த காரைக் கூப்பிடுவேன். கோட்டும் டையுமாக வந்த பெரிய மனிதர்களெல்லாம் என் முன்னால் கெஞ்சியிருக்கிறார்கள். "ஒரு பல்புதானே" என்பார்கள். "ஆமாம், ஒரு பல்புதான்" என்று நானும் சிரித்துக்கொண்டே குறியைப் போடுவேன். பதினாறு வருடமாக இப்படி ஒரு கௌரவமான பிழைப்பு.

இதில் வெளியே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. எனக்கு விளக்கு எரியவில்லை என்று சொல்லத்தான் தெரியும். ஏன் எரியவில்லை என்று கேட்டால் தெரியாது. அது பட்டறைக்காரர்கள் பாடு. சிங்கப்பூரில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. குடவாசலில் கேட்டார்கள்.

ஆவணி மாதக் கடைசியில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். கும்பகோணத்தில் ஒரு கல்யாணம் என்று அலுவலகத்தில் சொன்னேன். கல்யாணம் உண்மைதான், ஆனால் அதற்காக நான் போகவில்லை. அக்கா போனில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகப் போனேன். "தம்பி, நீ வர்றப்ப அந்தக் கார வித்துக் குடுத்துட்டுப் போயிடுடா."

அக்கா விஜயா கணக்கு டீச்சர். குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முன்னால் நான் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கார் அது. வாங்கும்போது மாமா ஓட்டுவார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வருவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ நாற்பத்தொன்பதாவது வயதில் ஓட்டுநர் பள்ளியில் போய்ச் சேர்ந்து, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று எட்டுப் போட்டு உரிமம் வாங்கிவிட்டாள். அன்றைக்கு அவள் அனுப்பிய புகைப்படம் இன்னும் என் போனில் இருக்கிறது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை போலச் சிரித்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் காரை விற்கச் சொன்னால் விஷயம் காரைப் பற்றியதாக இருக்காது என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை திருச்சி விமான நிலையத்துக்கு அக்கா வரவில்லை. மாமா வந்திருந்தார். அக்காவின் கணவர் சாமிநாதன், எனக்கு மாமா. எட்டு ஏக்கர் நெல் பயிர் செய்கிறார். டிராக்டரை ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி ஓட்டுவார், காரை டிராக்டர் மாதிரி ஓட்டுவார்.

"வா மாப்ள. எளச்சிட்டியே" என்றார். எட்டு கிலோ கூடியிருந்தேன். ஊருக்கு வந்தவனைப் பார்த்தால் இளைத்துவிட்டாய் என்று சொல்ல வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம்.

பெட்டியை வைக்க டிக்கியைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு புளித்த வாடை வந்து மூக்கில் அடித்தது. மூன்று நாள் மறந்துபோன நீராகாரம் மாதிரி இருந்தது.

"என்ன மாமா இது வாடை?"

"மழ ஈரம் மாப்ள. காஞ்சா போயிடும்" என்று சொல்லிக்கொண்டே மாமா டிக்கியைச் சட்டென்று மூடினார். திருச்சியில் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

வழியெல்லாம் மாமா வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் கையை நீட்டினார். இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் அதே கையைக் காருக்கு மேலே வளைத்துக் காட்டினார். இண்டிகேட்டர் பக்கமே போகவில்லை. "அதெல்லாம் இப்ப சரியா வேல செய்யல மாப்ள" என்றார். ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் பின்னால் வருகிறவர்கள் வண்டை வண்டையாகத் திட்டுகிற மாதிரி ஹாரன் அடித்தார்கள். என் தொழில் புத்தி உள்ளே கொதித்தது. இந்தக் காரை என் வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் தாளில் பெருக்கல் குறி போட இடம் போதாது.

தஞ்சாவூர் தாண்டியதும் பச்சையும் மஞ்சளும் மாறி மாறி வந்தன. ஒரு பக்கம் குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது, இன்னொரு பக்கம் சம்பாவுக்கு நாற்றங்கால் தளதளவென்று நின்றது. சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. காயப்போட்ட நெல்லைச் சுற்றி வரிசையாகக் கருங்கல் வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் சாலையில் ஒரு கல் கிடந்தால் விசாரணை நடக்கும். இங்கே லாரிக்காரரே இறங்கி, நகர்ந்துகிடந்த கல்லை மறுபடி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். நெல்லின் மேல் ஏற்றிவிடக் கூடாது என்ற கவனம் அங்கே ஹாரன் அடிக்கிற எல்லாரிடமும் இருக்கிறது. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா மினி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் பை, குடை, திருத்த வேண்டிய நோட்டுக்கட்டு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, ஆனால் காரைத் தாண்டி வரும்போது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சமையலறைக்குள் போய்ப் பத்தே நிமிடத்தில் விரால் மீன் குழம்பைச் சூடு பண்ணி எடுத்து வந்தாள். நான் மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொள்ளும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத் தெருவுக்குள் திரும்ப அவள் இடது இண்டிகேட்டர் போட்டிருக்கிறாள். பின்னால் வந்த பஸ்காரருக்கு அவள் வலது பக்கம் போகப்போகிற மாதிரி தெரிந்திருக்கிறது. அவர் இடது பக்கம் ஏறியிருக்கிறார், இவளும் இடது பக்கம் ஒடித்திருக்கிறாள். ஒரு சாண் இடைவெளியில் இரண்டும் நின்றன. நடத்துநர் இறங்கி வந்து கத்தியிருக்கிறார்.

"என்னா சொன்னாருன்னு தெரியுமா? 'எது எடது, எது வலதுன்னு தெரியாதவங்களுக்கெல்லாம் யாரு காரு குடுக்குறது'ன்னாரு. எம் பிள்ளைங்க எல்லாம் கேட்டுக்கிட்டு நிக்கிதுங்க. நான் ஆறாம் வகுப்புல எடது பக்கம், வலது பக்கம்னு சமன்பாடு நடத்துறவடா."

"நீ சரியாத்தான் போட்டியா அக்கா?"

"அப்படித்தான் நெனச்சேன். ஆனா அதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு பேரு சொல்லிட்டாங்க. எல்லாருமா தப்பு சொல்லுவாங்க? இவரே சொன்னாரு, பாத்துப் போடு விஜயான்னு."

மாமா தட்டில் இருந்த மீன் முள்ளை ரொம்பக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் இன்னொரு விஷயம் வந்தது. அக்காவுக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. பள்ளிக்கூடம் இருபது கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு உள் கிராமத்தில் இருக்கிறது. நாலு மணிக்கு மேல் பஸ் கிடையாது. கார் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் முடியாது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பதவி உயர்வு வேண்டாம் என்று அவளே கைப்பட எழுதிய கடிதம் டிவிக்கு அடியில் நாலாக மடித்துக் கிடந்தது. இருபத்தேழு வருடம் பாடம் நடத்தியவளின் அழகான கையெழுத்து. படித்துவிட்டு இருந்த இடத்திலேயே மடித்து வைத்தேன்.

"திங்கக்கெழமதானே? நான் பாத்துக்கிறேன்" என்றேன் வீராப்பாக.

வெள்ளிக்கிழமை காலை, எதற்கும் இருக்கட்டும் என்று சிங்கப்பூரிலிருந்து காலுறைக்குள் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்த பல்புகளை எடுத்தேன். அக்கா மினி பஸ் ஏறிப் போய்விட்டாள். மாமாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நான் பின்னால் நின்றேன். பத்து நிமிடத்தில் தெருவே கூடி நின்றது.

"தம்பி சிங்கப்பூர்ல இதத்தான் பாக்குறாராம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"எத?"

"காருக்குப் பின்னாடி நிப்பாராம்."

"அதுக்கு அங்கெல்லாம் சம்பளம் குடுக்குறானா?"

நான் காதில் வாங்காமல் வேலையைப் பார்த்தேன். இடது இண்டிகேட்டர் போடச் சொன்னேன். இடது பக்க மஞ்சள் விளக்கு சாகக் கிடப்பவன் கண் மாதிரி லேசாகத் துடித்தது. அதே நேரம் வலது பக்கச் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது. வலதைப் போடச் சொன்னேன், அது ஒழுங்காக வேலை செய்தது. பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். வலது பக்கம் சிவப்பு நன்றாக எரிந்தது, இடது பக்கம் சிவப்புக்குப் பதில் மஞ்சள் மங்கலாக எரிந்தது. முன்விளக்கைப் போட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் சுத்தமாக அணைந்தே போனது.

அக்காமேல் தப்பில்லை என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஏன் என்று சொல்ல முடியாமல் "தப்பில்லை" என்று மட்டும் சொன்னால், தம்பி ஆறுதலுக்குச் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வாள். இடது பக்கப் பல்புகள் எல்லாவற்றையும் மாற்றினேன். புதுப் பல்பும் அதே கூத்தை ஆடியது.

"இதுக்குத்தான் சொன்னேன், கைய காட்டுறதுதான் நம்பிக்க" என்றார் மாமா.

கும்பகோணத்தில் ஒரு பெரிய பட்டறையைப் பற்றி யாரோ சொன்னார்கள். போனோம். காத்திருக்கும் நேரத்தில் எதிர்க்கடையில் இட்லியும் கடப்பாவும் சாப்பிட்டேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் போட்டு வெள்ளையாகக் குழம்பு மாதிரி செய்வார்கள். சிங்கப்பூரில் எந்தக் கடையில் கேட்டாலும் குருமாவைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள். எட்டு இட்லிக்குப் பிறகு பட்டறைக்குத் திரும்பினால், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சுவிட்சை மாற்ற வேண்டும், கார் சாயங்காலம்வரை இருக்கட்டும் என்றார்கள். மாமா அங்கேயே காவலுக்கு உட்கார்ந்துகொண்டார். நான் பஸ் ஏறினேன்.

பஸ் நாச்சியார்கோயில் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு கதிர் அறுக்கும் இயந்திரம் சாலையை முழுசாக அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. ஒதுங்க இடமில்லை, இரண்டு பக்கமும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் அதன் பின்னாலேயே போனோம். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம விஜயா டீச்சர் இப்ப கார எடுக்குறதில்லயாமே?"

"வலதுன்னு போட்டுட்டு எடதுல போவாங்களாம். பஸ்ஸுல அடிபட இருந்தாங்க. அந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?"

"பாவம், நல்ல டீச்சர்."

அந்தப் பாவம்தான் என்னைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து போய் அவர்களுக்கு மின்சாரப் பாடம் நடத்தலாமா என்று பார்த்தேன். எனக்கே தெரியாத பாடம். பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாமா இருட்டுவதற்குள் காரோடு வந்து சேர்ந்தார். புதுச் சுவிட்ச் போட்டிருந்தார்கள். இடது பக்கம் போட்டால் வலது பக்கம் பழையபடி மினுக்கியது.

சனிக்கிழமை காலை பால் கொண்டுவந்தவர்தான் மைதீன் பாயைப் பற்றிச் சொன்னார். குடவாசல் கடைவீதி முடிகிற இடத்தில் தகரக் கொட்டகை போட்டு வண்டிகளுக்கு வயரிங் வேலை மட்டும் பார்க்கிறவர். நானும் மாமாவும் போனோம். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நான் வெள்ளிக்கிழமை கண்டுபிடித்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். சிங்கப்பூரையும் நடுவில் இரண்டு தடவை செருகினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வண்டிய யாரு ஓட்டுறது?" என்றார்.

"எங்க அக்கா."

"அவங்க வரலயா?"

"அவங்க எதுக்கு? நான்தான் எல்லாம் பாத்துட்டேனே."

"நீங்க பின்னாடி நின்னு பாத்தீங்க தம்பி. தெனம் உள்ள உக்காந்து ஓட்டுனது அவங்கதானே? அவங்கள வரச் சொல்லுங்க. ஓட்டுறவங்க வராம நான் வண்டியில கை வைக்கிறதில்ல."

இது என்னடா வம்பு என்று திரும்பி வந்து அக்காவைக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றாள். கெஞ்சினேன். கடைசியில், கல்வி அலுவலகத் தலைமை எழுத்தர் வீடு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். நாலாக மடித்த கடிதத்தைக் காரின் முன்பக்கப் பெட்டிக்குள் வைத்தாள்.

மைதீன் பாய் அக்காவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். பின்பக்கம் போகவே இல்லை. ஜன்னலோரம் நின்றுகொண்டு, டாக்டர் கேட்பதுபோல் கேட்டார். "சொல்லுங்க டீச்சர். ஓட்டுறப்ப உள்ள ஏதாச்சும் மாறுதலா தெரிஞ்சிச்சா? எவ்ளோ சின்னதா இருந்தாலும் பரவால்ல."

அக்கா இண்டிகேட்டர் கம்பியைத் தொட்டுக் காட்டினாள். "எடது பக்கம் போட்டா டிக் டிக்னு சத்தம் வேகமா வரும். வலது பக்கம் போட்டா நெதானமா வரும். எண்ணிப் பாத்தேன். வலது ஒண்ணு வர்ற நேரத்துல எடது ரெண்டு வருது."

"எப்பலேந்து?"

"தை மாசத்துலேந்து. மொதல்ல எப்பவாச்சும். ஆடிக்கு அப்புறம் எப்பவுமே அப்படித்தான்."

மைதீன் பாய் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "ஏன் டீச்சர் இத யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலயே" என்றாள் அக்கா.

எனக்கு அங்கேயே தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது. மூன்று நாளாக நான் மாமாவைக் கேட்டேன், பல்பைக் கேட்டேன், பட்டறைக்காரரைக் கேட்டேன். அவளிடம் "நீ சரியாப் போட்டியா" என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வேலை ஐந்து நிமிடம்தான். நீளமான வயர் ஒன்றை பேட்டரியிலிருந்து காருக்கு வெளியிலேயே இழுத்துக்கொண்டு பின்னால் போனார். அதன் நுனியை இடது பக்க விளக்கின் கறுப்பு வயரில் வைத்து அழுத்தினார். "எடது போடுங்க டீச்சர்."

இடது பக்கம் மஞ்சள் பளிச் பளிச்சென்று அடித்தது. வலது பக்கம் அசையவில்லை. பிரேக்கை மிதிக்கச் சொன்னார், இரண்டு பக்கமும் செக்கச்செவேலென்று எரிந்தன. வயரை எடுத்தார், பழைய கூத்து திரும்பி வந்தது.

"பல்பும் நல்லா இருக்கு, சுவிட்சும் நல்லா இருக்கு. எர்த்து இல்ல" என்றார். மாமாவைப் பார்த்து, "அண்ணே, கரண்ட்டும் வாய்க்கா தண்ணி மாதிரிதான். வயலுக்கு வர்றது ஒரு வழி, வடிகால்ல போறது ஒரு வழி. இங்க வர்ற வழி சுத்தமா இருக்கு. வடிகால் அடைச்சுக் கெடக்கு. வடிகால் அடைச்சா தண்ணி என்ன செய்யும்?"

"வரப்பு தாண்டிப் பக்கத்து வயல்ல ஏறிடும்" என்றார் மாமா உடனே. கேள்வி தன் பாடத்தில் வந்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"அதேதான். எடது பக்கம் வந்த கரண்ட்டு போக வழியில்லாம வலது பக்கம் ஏறிப் போவுது. அதான் அந்தப் பக்கம் மினுக்குது."

ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து அக்கா குரல் மெதுவாகக் கேட்டது. "அப்ப நான் சரியாத்தான் போட்டேனா?"

"நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க டீச்சர். வண்டிதான் வெளியில மாத்திச் சொல்லியிருக்கு."

அக்கா புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். நானும் வேறு பக்கம் பார்த்தேன். அவளைப் பாவம் என்று சொன்ன அந்த இரண்டு பெண்களையும் கையைப் பிடித்து அங்கே கூட்டிவந்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

"எர்த்து வயர் டிக்கிக்குள்ள எடது ஓரத்துல ஒரு போல்ட்டுல நிக்கும். ஆறு வருச வண்டியில அது இவ்ளோ சீக்கிரம் போவக் கூடாதே" என்று சொல்லிக்கொண்டே மைதீன் பாய் டிக்கியைத் திறந்தார். அந்தப் புளித்த வாடை வந்தது. மாமா இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

உள்ளே ஓரத்தில் மூடியிருந்த பிளாஸ்டிக் தட்டியைக் கழற்றியதும் மைதீன் பாய் ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டார். நான் குனிந்து பார்த்தேன். அக்காவும் இறங்கி வந்து பார்த்தாள்.

பின்விளக்குக்குப் பின்னால் இருந்த குழியில் நெல் முளைத்திருந்தது. ஏழெட்டு நாற்று, சாண் உயரம், வெளிறிய பச்சை. சிவப்புக் கண்ணாடி வழியாக வந்த கொஞ்சம் வெளிச்சத்தைப் பார்த்து எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. வேர் துருப்பிடித்த அந்தப் போல்ட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. பதினாறு வருடத்தில் நான் எத்தனையோ பின்விளக்கு பார்த்திருக்கிறேன். பயிர் வைத்த விளக்கைப் பார்த்ததில்லை. எங்கள் தாளில் அதற்குக் கட்டமும் கிடையாது.

மூன்று பேரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தோம்.

"வெத நெல்லு" என்றார் மாமா ஈனக்குரலில்.

விதை நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டிக் கதகதப்பான இருட்டில் இன்னொரு நாள் வைத்தால்தான் முளை கிளம்பும். அதற்கப்புறம்தான் நாற்றங்காலில் தெளிப்பார்கள். வீட்டுக்குள் வைத்தால் எலி, வெளியே வைத்தால் கோழி. வெயிலில் நிற்கிற காரின் டிக்கியைப் பார்த்திருக்கிறார் மாமா. எலி வராது, கோழி வராது, இருட்டு, கதகதப்பு. போன சம்பாவுக்கு ஒரு சாக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்.

"ஒண்ணு விடாம மொளச்சிச்சு விஜயா" என்றார். குற்றம் ஒப்புக்கொள்கிற நேரத்திலும் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. "சனிக்கெழம வச்சு ஞாயித்துக்கெழம எடுத்துருவேன். நீ கார எடுக்காத நாளாப் பாத்துத்தான். தார்ப்பாய் விரிச்சுத்தான் வச்சேன். தண்ணி இப்படி ஓரமா எறங்கும்னு எனக்குத் தெரியாது."

"இந்தக் குறுவைக்கும்?"

"குறுவைக்கும். இப்ப சம்பாவுக்கும்."

"காருக்குள்ள செருப்புப் போட்டு ஏறாதீங்கன்னு நான் சொன்னப்ப, 'ஆமாமா, கார சுத்தமா வச்சிக்கணும்'னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"பாத்துப் போடு விஜயான்னு சொன்னீங்களே."

"ஈரம்தான் காரணம்னு சத்தியமாத் தெரியாது விஜயா. ஆனா ஒன்ன நம்பாம பேசுனேன்ல, அது தப்பு. பெரிய தப்பு" என்றார் மாமா. நாலு பேர் நடுவில் மாமா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மைதீன் பாய் உப்புத்தாளைத் தேடுவதுபோல் கொட்டகைக்குள் போய்விட்டார்.

அக்கா மறுபடி போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

மைதீன் பாய் நாற்றை வேரோடு பிடுங்கி, துருவைச் சுரண்டி, தகரம் வெள்ளிபோல் மின்னும்வரை தேய்த்தார். புதுப் போல்ட் போட்டு, வயர் நுனியைப் புதிதாகக் கட்டி முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். பிடுங்கிய நாற்றைக் குப்பையில் போடப் போனவரை மாமா தடுத்தார். நாற்றைக் கீழே போட அவருக்கு மனசு வராது. சுற்றி எடுத்துப் போகத் தாள் தேடினார். காரின் முன்பக்கப் பெட்டியைத் திறந்து அந்த நாலு மடிப்புக் கடிதத்தை எடுத்தார். பிரித்தார். கையை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கையெழுத்துவரை படித்தார். பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்திருந்த நான், அந்தப் பக்கம் அக்கா, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். படித்து முடித்துவிட்டு ஈர வேரைக் கடிதத்தின் நடுவில் வைத்து நன்றாகச் சுற்றினார்.

"நல்ல தாளு. தண்ணி தாங்கும்" என்றார்.

அக்கா பிடுங்கவில்லை. எழுதியிருந்த மை பச்சை வேரோடு சேர்ந்து கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் மாமாவோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம்வரையும் பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பேச்சு மட்டும் இல்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் திடீரென்று ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள். "தம்பி, வா. அந்தப் பள்ளிக்கூடம் எங்க இருக்குன்னு பாத்துட்டு வந்துருவோம்."

நான் ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமாவைக் கூப்பிடவில்லை. நாங்கள் தெருமுனை திரும்பும்போது பின்னால் பைக் சத்தம் கேட்டது. மாமா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு பொத்தானை விட்டுப் போட்டுக்கொண்டு, பின்னாலேயே வந்தார்.

"எதுக்கு இவரு வர்றாரு?" என்றாள் அக்கா கண்ணாடியைப் பார்த்து.

"லைட்டு எரியுதான்னு பாக்கத்தான்" என்றேன்.

அவள் பிரேக் போடும்போதெல்லாம் பின்னாலிருந்து "எரியுது!" என்று குரல் வந்தது. அவள் இண்டிகேட்டர் போட்டபோது "எடது! எடதுதான்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். நடவு முடிந்து கரையேறிக்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும்.

பொழுது சாய்ந்து இருள் கவியும் நேரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அக்கா காரை நிறுத்தினாள். மாமா பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து நின்று பைக்கை அணைத்தார். கண்ணாடியில் அவர் வெள்ளைச் சட்டையும் முகமும் சிவப்பாகத் தெரிந்தன. அக்கா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள், மாமா மங்கிப்போனார். மறுபடி மிதித்தாள், மாமா சிவப்பாக முளைத்து வந்தார். கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பாரேன், மூஞ்சிய" என்றாள் அக்கா. சிரிப்பு உடைந்து வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ரயில் தடதடத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அவள் காலை எடுப்பதும் மிதிப்பதுமாக, மாமாவை விளக்கு மாதிரி அணைத்து அணைத்து ஏற்றிக்கொண்டிருந்தாள்.

கேட் திறந்தது. தண்டவாளத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிந்தது. பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பலகை இடது பக்கம் அம்பு காட்டியது. அக்கா இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, நான் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், "சும்மா இரு" என்று கையைக் காட்டினாள். டிக் டிக் சத்தத்தைக் கேட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அது நிதானமாக வந்தது. பின்னால் மாமா கத்துவதற்கு முன்பே அவள் திரும்பிவிட்டாள்.